விருப்புரிமை வணிகமும் இளைஞர் கல்வியும்

(ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இளைஞர் சார்பிலே பேசுமாறு பணிக்கப்பட்டபோது, பொருளைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. எம் வயதினர் இருவர் மூவர் கூடும் இடங்களில் இன்று அடிக்கடி எழும் பேச்சு ஒன்றுண்டு. பங்குச் சந்தையிலே 'ஒப்ஷன்' வாங்கி விற்றுப் பணம் தேடலாமாம். அதைக் கற்பிக்க வகுப்புகள் இருக்கின்றனவாம். கணக்குப் பார்க்கக் கருவிகள் இருக்கின்றனவாம். கைத்தொலைபேசி ஒன்றிருந்தால் வீட்டுத் திண்ணையிலிருந்தே எல்லாம் செய்யலாமாம். இதைக் கேட்ட பெரியோர், "இது சூதாட்டம் அல்லவா?" என்கின்றனர். இளைஞரோ, "இது ஒரு கல்வி அல்லவா?" என்கின்றனர். இரு வினாக்களும் நியாயமானவையே. இரண்டையும் இன்று சபை முன் வைத்து ஆராய விரும்புகின்றோம்.

முதலில், ஒப்ஷன் என்பது யாது? தமிழிலே அதை விருப்புரிமை எனலாம். ஒரு பொருளைக் குறித்த நாளுக்குள், குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை பெறுவதும், அந்த உரிமைக்காக முன்கூட்டியே ஒரு சிறு தொகை கொடுப்பதுமே இதன் சாரம். உரிமை பெற்றவர் விரும்பினால் அதைப் பயன்படுத்தலாம், விரும்பாவிடின் விட்டுவிடலாம். உரிமையை விற்றவருக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை. மற்றவர் கேட்டால் அவர் கொடுத்தே ஆகவேண்டும். ஒருவருக்கு உரிமை, மற்றவருக்குக் கடமை. இந்த ஒரு வாக்கியத்தை நன்றாக விளங்கிக்கொண்டவர் பாடத்தின் பாதியைக் கற்றவராவார்.

இது நேற்று முளைத்த எண்ணமன்று. கிரேக்க ஞானியாகிய தேலீஸ் என்பாரைப் பற்றி அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலிலே ஒரு கதை சொல்கின்றார். ஒலிவ விளைச்சல் மிகுதியாக இருக்கும் என்று வான நூல் அறிவினால் உணர்ந்த தேலீஸ், மாரி காலத்திலேயே சிறு முற்பணம் கொடுத்து, மிலேத்தஸ் நகரத்திலும் கீயோஸ் தீவிலும் இருந்த எண்ணெய்ச் செக்குகளையெல்லாம் தம் பெயருக்குப் பேசி வைத்தார். அவ்வேளையிலே அவருக்குப் போட்டியாக எவரும் வரவில்லை. அறுவடை வந்தது, எல்லோரும் செக்கைத் தேடி ஓடினர், அவர் விரும்பிய வாடகைக்கு விட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். விளைச்சல் பொய்த்திருந்தால் முற்பணம் மட்டுமே போயிருக்கும். விருப்புரிமையின் இலக்கணம் முழுவதும் இக்கதையில் அடங்கியிருக்கின்றது.

இனி இன்றைய சந்தைக்கு வருவோம். 1973 ஏப்ரல் 26 ஆந் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே ஒப்ஷன்களுக்கென ஒரு தனிச் சந்தை திறக்கப்பட்டது. முதலிலே 16 கொம்பனிகளின் பங்குகளை வாங்கும் உரிமைகள் மட்டுமே அங்கே விலைபேசப்பட்டன. முதல் நாளில் கைமாறிய ஒப்பந்தங்கள் 911. விற்கும் உரிமைகள் 1977 இலேதான் சேர்க்கப்பட்டன. வாங்கும் உரிமையைக் 'கோல்' என்றும் விற்கும் உரிமையைப் 'புட்' என்றும் சந்தையில் அழைப்பர்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இதன் தன்மை நன்கு விளங்கும். ஒரு கொம்பனியின் பங்கு இன்று 100 டொலர் விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்குள் அதை 105 டொலருக்கு வாங்கும் உரிமையை ஒருவர் பங்கொன்றுக்கு 2 டொலர் கொடுத்துப் பெறுகின்றார். அமெரிக்காவிலே ஓர் ஒப்பந்தம் வழக்கமாக 100 பங்குகளைக் கொண்டது. ஆகவே அவர் கொடுப்பது 200 டொலர். மாத முடிவிலே பங்கு 103 டொலராக உயர்ந்துவிட்டது. பங்கு ஏறும் என்று அவர் எண்ணியது சரியாகவே போயிற்று. ஆனால் சந்தையிலே 103 டொலருக்குக் கிடைப்பதை 105 டொலருக்கு வாங்கும் உரிமை எவருக்கு வேண்டும்? 200 டொலரும் போயிற்று. பங்கு 106 டொலர் ஆனாலும் 100 டொலர் நட்டமே. 107 ஐ எட்டினாற்றான் போட்ட பணம் திரும்பும். 110 ஆனால் 300 டொலர் இலாபம்.

இங்கே கவனிக்க வேண்டியது யாது? பங்கு வாங்குபவர் திசையைச் சரியாக அறிந்தால் போதும், பொறுத்திருக்கலாம். ஒப்ஷன் வாங்குபவரோ திசையையும், தூரத்தையும், காலத்தையும் சரியாக அறியவேண்டும். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் பணம் போகும். மேலும், நாள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய, வாங்கிய உரிமையின் பெறுமதி தானே கரைந்துகொண்டிருக்கும். நிறைகுடத்தின் அடியிலே சிறு துவாரம் இருப்பது போன்றது அது.

அப்படியானால் உரிமையை விற்பவர் பக்கம் நின்றால் நல்லதல்லவா என்று ஒருவர் கேட்கலாம். பல வகுப்புகளிலே இன்று இதையே 'மாத வருமானம்' என்று கற்பிக்கின்றனர். மேற்சொன்ன உதாரணத்தில் விற்றவருக்கு 200 டொலர் உடனே கையில் கிடைக்கின்றது. பெரும்பாலான மாதங்களில் அது அவருக்கே நிலைக்கவும் கூடும். ஆனால் ஏதோ ஒரு செய்தியினால் பங்கு 150 டொலராகப் பாய்ந்துவிட்டதென்றால், கையில் பங்கில்லாமல் வாக்குக் கொடுத்தவர் 4,300 டொலர் இழக்கின்றார். பங்கின் விலை ஏறுவதற்கு ஓர் எல்லை இல்லை. ஆகவே அவருடைய நட்டத்துக்கும் எல்லை இல்லை. இருபது மாதம் சேர்த்தது ஒரே நாளிலே போகலாம்.

இனிப் பெரியோரின் வினாவுக்கு வருவோம். இது சூதாட்டமா? ஒருவரிடம் 100 டொலர் விலையுள்ள 100 பங்குகள் இருக்கின்றன. விலை விழுந்துவிடுமோ என்ற அச்சத்தினால், 95 டொலருக்கு விற்கும் உரிமையைப் பங்கொன்றுக்கு 1 டொலர் கொடுத்து வாங்கி வைக்கின்றார். பங்கு 60 டொலராக விழுந்தாலும் அவர் 95 டொலருக்கு விற்கலாம். 4,000 டொலராக இருந்திருக்க வேண்டிய நட்டம், கொடுத்த கட்டணத்தையும் சேர்த்து, 600 டொலருடன் நின்றுவிடுகின்றது. இது தீக் காப்புறுதி அன்றி வேறென்ன? சொந்த வீட்டுக்குக் காப்புறுதி எடுப்பது விவேகம். அயலவன் வீடு எந்த வாரம் எரியும் என்று பணம் கட்டி ஒவ்வொரு வாரமும் காத்திருப்பது சூது. பத்திரம் ஒன்றே, அதை எடுப்பவரின் நோக்கமும் அளவுமே அதைக் காப்பாகவோ சூதாகவோ ஆக்குகின்றன.

அடுத்து, இளைஞரின் வினா. இது கல்வியா? ஆம், இதிலே கற்க வேண்டியது உண்டு. நல்ல கருவிகளும் உண்டு. எல்லா விலைகளையும் வரிசையாகக் காட்டும் பட்டியல் ஒன்று. பங்கு எங்கே நின்றால் எவ்வளவு இலாபம், எவ்வளவு நட்டம் என்று கோடு வரைந்து காட்டும் வரைபடம் ஒன்று. பின்னர் கிரேக்கப் பெயர் கொண்ட அளவுகள். பங்கு ஒரு டொலர் அசைந்தால் ஒப்ஷன் எவ்வளவு அசையும் என்பது டெல்டா. ஒரு நாள் கழிந்தால் எவ்வளவு கரையும் என்பது தீட்டா. சந்தை எதிர்பார்க்கும் தளம்பல் கூடினால் அல்லது குறைந்தால் விலை எவ்வளவு மாறும் என்பது வேகா. கிரேக்க நெடுங்கணக்கிலே வேகா என்று ஓர் எழுத்தே இல்லை. சந்தையார் தாமே வைத்துக்கொண்ட பெயர் அது!

இவற்றின் பின்னே நிற்பது ஒரு பெருஞ் சூத்திரம். சந்தை திறந்த அதே 1973 ஆம் ஆண்டிலே ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்னும் அறிஞர் இருவர் ஒப்ஷனுக்கு விலை காணும் சூத்திரத்தை வெளியிட்டனர். ரொபேட் மேர்ட்டன் என்பாரும் அதை வளர்த்தார். சிறிது காலத்துக்குள்ளேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமன்ட்ஸ் கொம்பனி அச்சூத்திரப்படி விலை காணக்கூடிய கைக்கணிப்பான் பற்றிப் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. பிளாக் அவர்கள் தமக்கு உரிமைப் பணம் கேட்டாராம். சூத்திரம் பொதுச்சொத்து என்று பதில் வந்தது. ஒரு கணிப்பானையாவது தரும்படி கேட்டாராம். விலைக்கு வாங்கிக்கொள்ளும்படி பதில் வந்தது. அவர் வாங்கவேயில்லை என்று பின்னர் எழுதியிருக்கின்றார்.

நகைப்புக்குரிய இச்செய்தியிலே ஓர் உண்மை இருக்கின்றது. எல்லார் கையிலும் உள்ள கருவி எவருக்கும் தனி வெற்றி தராது. ஒரு கருவி ஒப்ஷனின் விலையைக் காட்டினால், அதே விலையை எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் கண்டிருப்பார். சூத்திரத்தை ஆக்கியோரையே அது காப்பாற்றவில்லை. 1997 இல் ஷோல்ஸ், மேர்ட்டன் இருவருக்கும் பொருளியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தது. பிளாக் 1995 இலேயே காலமாகிவிட்டார். அவ்விருவரும் பங்காளராக இருந்த 'லோங் டேர்ம் கப்பிட்டல் மனேஜ்மன்ட்' என்னும் முதலீட்டு நிறுவனம் 1998 செப்டெம்பரிலே வீழ்ந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் நியூயோர்க் கிளை கூட்டிய கூட்டத்தின் பின், 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து ஏறக்குறைய 360 கோடி டொலர் போட்டு அதைத் தாங்கின. அறிவு குறைந்ததனால் அவர்கள் வீழ்ந்தாரல்லர். அறிவை நம்பிக் கடனை அளவுக்கு மேல் வாங்கியதனால் வீழ்ந்தனர்.

பெரியவர்கள் கதை அப்படியிருக்க, சிறியவர்கள் கதை எப்படி? இதற்கு அயல்நாடாகிய இந்தியாவிலே தெளிவான கணக்கு இருக்கின்றது. அங்கே 2001 இல் ஒப்ஷன் வணிகம் தொடங்கியது. இந்தியப் பங்குச் சந்தைகளை மேற்பார்வை செய்யும் 'செபி' என்னும் சபை 2024 செப்டெம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளிலே ஒப்ஷனிலும் அதைச் சார்ந்த எதிர்கால ஒப்பந்தங்களிலும் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். அவர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாவுக்கு மேல். தரகும் பிற செலவுகளும் போக ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல் இலாபம் கண்டோர் நூற்றுக்கு ஒருவரே. முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள் 2022-23 இல் நூற்றுக்கு 31 பேராக இருந்தனர். அடுத்த ஆண்டிலே 43 பேராயினர்.

அந்தப் பணம் எங்கே சென்றது? அதையும் செபி காட்டியிருக்கின்றது. 2023-24 இல் சொந்தப் பணத்தில் வணிகஞ் செய்யும் தரகு நிறுவனங்கள் ஏறத்தாழ 33,000 கோடி ரூபாவும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 28,000 கோடி ரூபாவும், செலவு கழிக்குமுன், இலாபமாக எடுத்தன. அவ்விலாபத்திலே நூற்றுக்கு 96, 97 பங்கு கணினி நிரல்கள் தாமே இயங்கிச் செய்த வணிகத்தினால் வந்தது. அப்படியானால் நாம் வகுப்பிலே வாங்கும் கருவி எங்கே, எதிர்ப்பக்கத்தில் இருப்போரின் கருவி எங்கே? விசைப்படகுகள் வலைவீசும் கடலிலே தூண்டிலுடன் இறங்குவதை ஒத்தது இது.

செபி சபை 2024 இறுதியிலே விதிகளை இறுக்கியது. ஆகக் குறைந்த ஒப்பந்தத்தின் பெறுமதியை 15 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வாரந்தோறும் முடியும் ஒப்ஷன்களைச் சந்தைக்கு ஒன்றாகக் குறைத்தது. அப்படியிருந்தும் 2024-25 இல் நூற்றுக்கு 91 பேர் நட்டமடைந்தனர். விதி வேலி போடலாம். ஆசைக்கு வேலி போட விதியால் இயலாது.

இனி வகுப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலை கொடாமலே கற்கக்கூடிய நல்ல பாடங்கள் உள்ளன. அமெரிக்காவிலே ஒப்ஷன் துறையினர் 1992 இல் நிறுவிய கல்விக் கழகம் இலவசமாகப் பாடங்களை வழங்கி வருகின்றது. அங்கே ஒப்ஷன் கணக்குத் திறக்கும் ஒருவருக்குத் தரகர் ஒரு கைந்நூலைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. ஒப்ஷன்களின் இயல்புகளையும் இடர்களையும் விளக்கும் நூல் அது. எவரும் இணையத்தில் எடுத்து வாசிக்கலாம். அதை வாசியாமல் பெருந்தொகை கொடுத்து வகுப்பிலே சேர்பவர், இலவச நூல்நிலையத்தைத் தாண்டிப் போய்க் கதைப்புத்தகம் கடன் வாங்குபவரே.

பணம் வாங்கும் வகுப்பிலே சேர்வதாயின், மூன்று வினாக்களைக் கேளுங்கள் என்போம். முதலாவது, ஆசிரியர் தமது இலாபச் சீட்டுகளை மாத்திரம் காட்டுகின்றாரா, பல ஆண்டுகளின் முழுக் கணக்கையும் காட்டுகின்றாரா? இரண்டாவது, குறித்த தரகரிடம் கணக்குத் திறக்கும்படி வற்புறுத்துகின்றாரா? அப்படியாயின் நாம் வாங்கி விற்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தரகுப் பங்கு போகின்றதா என்பதை அறிய வேண்டும். மூன்றாவது, பாடம் இலாபத்திலே தொடங்குகின்றதா, நட்டத்திலே தொடங்குகின்றதா? இந்தியாவிலே செபி 2025 ஜனவரியில் ஒரு கட்டளை பிறப்பித்தது. சந்தைக் கல்வி மட்டுமே புகட்டுவோர், கடந்த மூன்று மாதங்களின் பங்கு விலைகளை எடுத்துப் பேசி வருங்கால விலைக்குக் குறிப்புக் காட்டலாகாது என்பது அதன் சாரம். கல்வி என்ற பெயரிலே குறி சொல்வது பெருகியதனாலன்றோ இப்படி ஒரு கட்டளை வேண்டியதாயிற்று?

பணமின்றிப் பழகுவதற்கான 'கடதாசி வணிகம்' என்னும் பயிற்சிக் கணக்கும் உண்டு. அது நல்ல கருவி. ஆயின் அதன் குறையையும் அறிதல் வேண்டும். அங்கே நாம் கேட்ட விலைக்கு எளிதிலே கிடைத்துவிடும். மெய்ச் சந்தையிலோ வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். பயிற்சியிலே நெஞ்சு படபடப்பதுமில்லை. ஆகையினால் பயிற்சிக் கணக்கிலே வென்றவர் சந்தையிலும் வெல்வார் என்பதற்கு உறுதியில்லை. பயிற்சியிலேயே தோற்றவரோ பெரும் பணம் மிச்சம் பிடித்தவராவார்.

இப்பொழுது சொல்லப்போவது எம் மனத்தை மிகவும் வருத்திய செய்தி. 2020 ஜூன் மாதத்திலே அமெரிக்காவில், எம் வயதினனாகிய, இருபது வயதான மாணவன் ஒருவன், கைத்தொலைபேசியிலே ஒப்ஷன் வணிகஞ் செய்து வந்தான். ஒன்றை வாங்கி மற்றொன்றை விற்று இரண்டையும் பிணைக்கும் முறை அவனுடையது. அதிலே நட்டம் ஓர் எல்லைக்குள் அடங்கும். ஆனால் ஒரு பாதி நிறைவேறி, மறு பாதி கணக்கிலே இன்னும் சேராத இடைவேளையில், திரையிலே ஏழு இலட்சத்து முப்பதினாயிரம் டொலருக்கு மேல் குறைவு என்று ஓர் எண் தோன்றியது. அது அவன் உண்மையிலே கொடுக்க வேண்டிய கடன் அன்று. உதவி கேட்டு அவன் எழுதியபோது தானியங்கி மறுமொழியே வந்ததென்று அவனுடைய குடும்பத்தினர் பின்னர் வழக்கிலே கூறினர். விளக்கஞ் சொல்ல அருகில் எவருமின்றி, அந்த எண்ணை மெய்யென்று நம்பிய மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

கருவி எண்ணைக் காட்டும். எண்ணின் பொருளைக் காட்டாது. பொருளை அறிய ஆசான் வேண்டும்; அச்சத்தை ஆற்ற உறவு வேண்டும். எனவே பெரியோர்களிடம் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. "சூது" என்ற ஒரு சொல்லால் இப்பேச்சை வீட்டிலே அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் பிள்ளைகள் இதைக் கைவிடமாட்டார்கள், மறைத்துச் செய்வார்கள். நட்டப்பட்ட பிள்ளை, அன்றிரவே தந்தையிடமோ தமையனிடமோ வாய் திறந்து சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். போன பணத்தை என்றேனும் தேடிக்கொள்ளலாம்.

இளைஞர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. கற்க விரும்பினால் கற்போம்; ஆனால் வரிசை தவறாமற் கற்போம். ஒப்பந்தத்திலே எமது கடமை என்ன என்பதை முதலிலும், ஆகக் கூடிய நட்டம் எவ்வளவு என்பதை அடுத்தும், இலாபத்தை ஆகக் கடைசியிலும் எழுதிப் பார்ப்போம். நட்டத்துக்கு எல்லை எழுத முடியாத ஒப்பந்தத்திலே கையொப்பமிடாதிருப்போம். படிப்புக்கும் வீட்டுக்கும் உரிய பணத்தையும், கடன் பணத்தையும் இதிலே தொடாதிருப்போம். செபியின் கணக்கிலே நட்டமடைந்தோருள் நான்கில் மூன்று பேருக்கு மேல், இரண்டு ஆண்டு தொடர்ந்து இழந்தபின்னும் விடாது வணிகஞ் செய்தனராம். விட்டதைப் பிடிக்கும் ஆசை அது. எந்த அளவிலே நிறுத்துவது என்பதை, தொடங்கு முன்னரே நண்பர் ஒருவரிடம் சொல்லி வைப்போம்.

திருக்குறளிலே 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலே, ஒரு செயலால் அழிவது முதலிலும், ஆவது அடுத்தும், பின் வரும் ஊதியம் கடைசியிலும் வைத்து எண்ணப்படுகின்றன. சிக்காகோச் சந்தைக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்னரே வள்ளுவர் வகுத்த வரிசை அது. இன்று விற்கப்படும் வகுப்புகளிற் பல இவ்வரிசையைத் தலைகீழாக்கியே விற்கப்படுகின்றன.

அரிஸ்டோட்டில் சொன்ன கதைக்கு ஒரு முடிவும் உண்டு. அறிஞர் விரும்பினாற் செல்வராவது எளிது, ஆனால் அவர்கள் நாடுவது அதுவன்று என்று காட்டவே தேலீஸ் அப்படிச் செய்தாராம். விருப்புரிமையைக் கற்பவருக்கும் உள்ள மிகப் பெரிய விருப்புரிமை, வணிகத்தில் இறங்காமல் இருக்கும் உரிமையே. அதற்குக் கட்டணம் இல்லை, காலத்தால் கரைவதுமில்லை. அதை எம் இளைஞர் எவரும் இழந்துவிடாதிருப்பாராக என்று வேண்டி அமைகின்றோம்.